அடிக்கிற கை

நான் அந்த அக்காவை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஓர் ஆளை அடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நடுவட்டம் தாண்டி கூடலூர் இறக்கத்தில், பெரிய சாலையை விட்டு மூன்று மைல் உள்ளே போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. காரமடையிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு பாயுமாக வந்து சேர்ந்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். லயத்தின் கடைசி வீடு எனக்கு. அதற்கு முந்தைய வீட்டு வாசலில்தான் அடி நடந்துகொண்டிருந்தது.

கீழே கிடந்தவன் வாட்டசாட்டமானவன். எழுந்து நின்றால் அக்கா அவன் தோளுக்குக்கூட வரமாட்டார். அக்கா கையில் தேயிலை மிலாறு. கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் கிளைகளைக் காயவைத்து விறகுக்கு அடுக்கியிருப்பார்கள். காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி இருக்கும்.

"அடியாத" என்று முதுகில் ஒன்று. "மாடு" என்று தொடையில் ஒன்று. "படியாது" என்னும்போது மட்டும் இரண்டு. ஒரு சுற்று முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரும் விலக்கவில்லை. ஒருத்தி இடுப்புக் குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் பெட்டியோடு நிற்பதை அக்கா பார்த்துவிட்டார்.

"புது டீச்சரா? கதவு திறந்துதான் இருக்கு, போய் உக்காருங்க. இந்தா முடிச்சிட்டு வாறேன்."

பத்து நிமிடத்தில் கை கால் கழுவிக்கொண்டு ஒரு டம்ளர் தேத்தண்ணியோடு வந்தார். அந்த ஆள், பெண்கள் குளிக்கிற இடத்தின் தகரத்தில் ஓட்டை போட்டுப் பார்த்தானாம். "ஆபீஸ்ல சொல்லி, யூனியன்ல சொல்லி, கூட்டம் போட்டுப் பேசி முடிக்கிறதுக்குள்ள இன்னும் நாலு பேரைப் பார்த்துருவான் டீச்சர். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்றார்.

எனக்கு அவரை அன்றே பிடித்துப்போனது. தெரியாத ஊரில் தனியாக இருக்க வந்தவள் நான். பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் என் சுவரில் யார் ஓட்டை போடுவார்கள்?

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி நெற்றிக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு முடியே இருக்காது. இலங்கையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, எட்டு வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். கணவர் பாக்டரியில் வேலை பார்த்து, நெஞ்சு வலியில் போய்விட்டார். ஒரே மகள். அவள் கூடலூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் சொத்து என்று இருந்தது சொலவடைகள்தான். எதற்கும் ஒன்று வைத்திருப்பார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், தானே தாமதமாக வந்துவிட்டு மற்றவர்களைத் திட்டிய சூப்பர்வைசரிடம், "இருக்கிறவன் ஒழுங்கா இருந்தா செரைக்கிறவன் ஒழுங்கா செரைப்பான்" என்றார். எழுபது பேர் சிரித்தார்கள். அந்த ஆள் அதற்குப் பிறகு நேரத்துக்கு வந்தார். மழைக்காலத்தில் ஓட்டுக் கேட்டு வந்தவர் லயத்துக் கூரை ஒழுகுவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது. என் வகுப்புப் பையன் ஒருவனின் காலில் ஏறியிருந்த அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டே, வீட்டைவிட்டு ஓடி ஓடி மறுபடி சாராயக் கடையிலேயே கிடக்கும் அவன் அப்பனைப் பற்றி, "அட்டையைப் புடிச்சு மெத்தையில வச்சாலும் அது குட்டையைத்தான் தேடும்" என்றார்.

நான் அப்போது அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். ஏதாவது வாய்மொழி வழக்கைச் சேகரித்து ஆய்வேடு கொடுக்க வேண்டும். பொக்கிஷத்துக்குப் பக்கத்துச் சுவரிலேயே குடியிருக்கிறோம் என்று தோன்றியது. ஒரு நீள நோட்டு வாங்கினேன். தினமும் அவர் வேலை விட்டு வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் போய் உட்காருவேன்.

"ஏனுங்க அக்கா, இன்னைக்கு ஒண்ணு சொல்லுங்க."

"கேட்டா வராது டீச்சர். அது அது நடக்கணும். நடந்தா தானா வாயில வரும்."

நடக்காமல் ஒரு நாளும் போகாது. ஒரு கோடையில் குழாயடியில் வரிசை தாண்டிய ஒருத்தியின் தலையில் அக்கா பித்தளைக் குடத்தால் போட்டார். நான்கு தையல். குடமும் நெளிந்தது. அந்தப் பெண்ணுக்கே இரண்டு மாதம் கழித்து மழை நாளில் பிரசவ வலி எடுத்தது. வெள்ளத்தில் பாலம் போய் ஜீப் வர வழியில்லை. அக்காதான் அவளைக் கம்பளியில் சுற்றி, முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மைல் சேற்றில் நடந்து பெரிய சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் அவளை வைதுகொண்டே போனாராம். இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் செய்வார். அடிப்பதிலும் தூக்குவதிலும் யோசனை என்பது கிடையாது.

நோட்டு நூறு பக்கத்தைத் தாண்டியபோது ஒரு நாள் கேட்டேன். "இத்தனையும் யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க அக்கா?"

"எங்கம்மாகிட்ட. அதுக்கு அவங்கம்மா. வழிவழியா வந்ததுதானே."

"எப்படி இத்தனையும் மறக்காம இருக்குதுங்க?"

அக்கா சிரித்தார். "மறக்க ஏலாது டீச்சர். எங்கம்மா சும்மா வாயால சொல்லிட்டுப் போற ஆள் இல்ல. சொன்னா மறந்துருவேன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வச்சுவிட்டிருச்சு."

இடது கையை அடுப்பு வெளிச்சத்தில் நீட்டினார். முழங்கைக்குக் கீழே பீடி இலை அளவுக்குத் தோல் சுருங்கிப் பளபளத்தது. "இது சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது. ஆறு வயசுல சட்டியில கை விட்டுட்டேன். தோசைக் கரண்டியைக் காய வச்சு வச்சது." பிறகு வலது கையின் கடைசி இரண்டு விரல்களைக் காட்டினார். அவை நேராகாது என்பது எனக்குத் தெரியும். கொழுந்து கிள்ளிக் கிள்ளி வளைந்ததாக்கும் என்று நினைத்திருந்தேன். "தண்ணிக்குப் போனவ அங்கேயே வெளையாடிட்டு இருந்துட்டேன். ஆடு மேய்ச்ச மாதிரியும் இருக்கணும், அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் இருக்கணுமான்னு கேட்டு, கதவிடுக்குல வச்சு அழுத்துச்சு." காதுமடலில் ஒரு கிழிசல். முதுகில் இருப்பது தனக்கே தெரியாது, மகள்தான் பார்த்துச் சொல்வாள் என்றார்.

இதையெல்லாம் அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையைக் காட்டுகிறவரைப் போலக் காட்டினார். "எங்கம்மா அப்படி வளர்க்காட்டி நான் இன்னைக்கு இப்படி நிமிர்ந்து நிப்பேனா?"

நான் சொலவடைகளை மட்டும் எழுதிக்கொண்டேன். ஆய்வேட்டைத் திருத்திய பேராசிரியர் ஓரத்தில், 'மண் மணம் கமழும் சேகரிப்பு' என்று எழுதியிருந்தார். அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு பெருமை.

அந்த வருடம்தான் மகளின் காதல் தெரியவந்தது. கூடலூரில் பிக்கப் வண்டி ஓட்டும் ஒருவன். சேதி அக்காவுக்கு எட்டிய சாயங்காலம், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் அதிர்ந்தது.

"முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்." மிலாறு விழும் சத்தம். "பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்." மறுபடி சத்தம். மகள் கத்தவில்லை. ஒவ்வோர் அடிக்கும் மூக்கால் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பத்தொன்பது வயதுப் பெண். நான் கையிலிருந்த விடைத்தாள்களை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

அக்கா திறந்தார். முகமெல்லாம் வேர்வை. பின்னால் மூலையில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன டீச்சர்? சக்கரை வேணுமா?"

என் வாயில் வந்தது, "ஆமாங்க."

அவர் ஒரு கிண்ணத்தில் சர்க்கரையை அள்ளிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா டீச்சர், நீங்க போய்ப் படிங்க" என்று கதவைச் சாத்தினார். நான் கிண்ணத்தோடு என் வீட்டில் நின்றேன். சுவர் மறுபடி அதிர ஆரம்பித்தது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நிமிடங்களை எடுத்தால் அதுதான் முதலில் வரும்.

மூன்று நாள் அடித்தார். நான்காம் நாள் தானே கூடலூருக்குப் போய்ப் பையனைப் பார்த்துப் பேசி, நல்ல நாள் குறித்து, தன் தோட்டைக் கழற்றி மகளுக்குப் போட்டுக் கல்யாணம் செய்து வைத்தார். லயமே சாப்பிட்டது. மாப்பிள்ளை சிரித்த முகம். எல்லாரையும் முறை வைத்துக் கூப்பிட்டான்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். உதடு வீங்கிக் கறுத்திருந்தது. வயிற்றில் நான்கு மாதம். நானும் அங்கே இருந்தேன். பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"குடிச்சிட்டா அடிச்சான்?" என்று அக்கா கேட்டார்.

"இல்ல. சோறு குழைஞ்சிருச்சுன்னு."

அக்கா மகளின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தார். முட்டை அவித்துக் கொடுத்தார். சாயங்காலம் நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பச் சொன்னார்.

"நான் போகலம்மா."

"போகாம? கட்டினவன் ஒரு அடி அடிச்சான்னு ஓடி வர்றதா? அடிக்கிற கைதான் அணைக்கும். நான் உன்னை அடிச்சதில்லையா? நான்தானே கல்யாணமும் பண்ணி வச்சேன்?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. நோட்டுல இருக்குதானே?"

மகள் என்னைப் பார்த்தாள். படித்தவள், டீச்சர், ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள்.

"இருக்குதுங்க" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

குழந்தை பிறந்தது, ஆண். பேறுகாலத்துக்கு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனாள். அந்த மூன்று மாதமும் அக்கா குழந்தையைத் தரையில் விடவில்லை. குழந்தைக்கு ஐந்து மாதமானபோது பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கூடப் போனேன். கையில் வறுத்த கடலை, குழந்தைக்குக் கம்பளிக் குல்லா.

மாப்பிள்ளை வாசலில் வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் வீல் ஸ்பேனரை வண்டியின் பின்தட்டில் வைத்துவிட்டு, "வாங்க அத்தை, டீச்சரும் வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். மகள் குழந்தையோடு வெளியே வந்தாள். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், கணவனுடைய சட்டை. அக்கா குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது.

இடது முன்கையில் இரண்டு தழும்புகள். ஒன்று பழசு, வெளிறியது. அதற்கு ஒரு விரல் கீழே இன்னொன்று, புதுசு, இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது.

"இது என்னது?" என்றார் அக்கா.

மகள் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். மாப்பிள்ளைதான் சொன்னான். அவன் பின்தட்டில் கையை ஊன்றிச் சாய்ந்து நின்றிருந்தான். குரலில் கோபம் இல்லை. சொந்தக்காரர்களோடு கேலி பேசுகிற குரல்தான்.

"பாலைப் பொங்க விட்டுட்டா அத்தை. ரெண்டாவது தடவை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. சின்ன வயசுல நீங்க வச்ச இடத்தை இவளே காமிச்சா. அதுக்குப் பக்கத்துலயே வச்சேன். உங்க வளர்ப்பை நான் மாத்துவேனா?"

அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்தார். பின்தட்டிலிருந்த ஸ்பேனரை எடுத்தார். அவன் ஏதோ உதவிக்கு எடுத்துக் கொடுக்கிறார் என்று நினைத்தானோ என்னவோ, கையை எடுக்கக்கூட இல்லை, அப்படியே ஊன்றியிருந்தான். ஸ்பேனர் அவனுடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. கரும்பை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். அவன் அலறிக்கொண்டு சரிந்தான். கீழே கிடந்தவனின் அதே கையில் இரண்டாவது, மூன்றாவது. விரல்கள் வேறு பக்கம் பார்த்தன. வண்டியின் வெள்ளைப் பெயின்ட்டில் ரத்தம் தெறித்தது. குழந்தை என் தோளில் வீரிட்டது. அவர் நிறுத்தவில்லை. ஓடி வந்த இரண்டு ஆண்கள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிய பிறகும் கால்கள் அந்தரத்தில் உதைத்தன.

ஒரு சொல் சொல்லவில்லை. அவர் அடித்து நான் பார்த்த அடிகளில் வாயைத் திறக்காமல் அடித்தது அது ஒன்றுதான்.

ஸ்டேஷனில் அக்காவைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். புடவையெல்லாம் ரத்தம். எஸ்.ஐ. நடுத்தர வயதுக்காரர், களைத்துப்போனவர். குடும்ப விவகாரம், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவருடைய எண்ணம். ஆனால் கை மூன்று இடத்தில் முறிந்திருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததும் கேஸ் எழுத வேண்டியதாகிவிட்டது.

"ஏம்மா, நீ சொல்லு" என்றார் மகளிடம். "உங்க அம்மா பண்ணது சரியா? நீ யாரு பக்கம்?"

அக்கா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒரு நிச்சயம் இருந்தது. உனக்காகத்தானே செய்தேன் என்கிற நிச்சயம்.

மகள் சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

"இது அம்மா வச்சது சார், எனக்கு ஏழு வயசு. இது அவரு வச்சது, போன வாரம். ஒண்ணு ஆறிருச்சு, ஒண்ணு ஆறல. வேற வித்தியாசம் எனக்கு விளங்கல. அவரு அடிச்சார்னு வந்தேன், அடிக்கிற கைதான் அணைக்கும்னு அம்மா திருப்பி அனுப்பிச்சு. இதுவரைக்கும் எந்தக் கையும் என்னை அணைக்கல. எனக்கு ரெண்டு வீடும் வேணாம்."

எஸ்.ஐ. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைக் கேட்டார். "நீங்க டீச்சர்தானே? இந்தப் பொண்ணு சொல்றது நிஜமா?"

இந்த முறை நான் சர்க்கரை கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதெல்லாம் சொன்னேன். மூன்று நாள் அடித்தது, நான்கு மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது, நான் ஆமாம் போட்டது. அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தனக்கு எதிராக ஒரு மனுஷி பேசுவதை முதன்முதலாகப் பார்ப்பவரைப் போல இருந்தது.

பதினோரு நாள் சிறையில் இருந்தார். பிறகு, மாப்பிள்ளையின் கைக்கு ஒன்று, மகளின் சூட்டுக்கு ஒன்று என்று இருந்த புகார்களை இரண்டு பக்கமும் திரும்பப் பெறுவது என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் கை பழையபடி ஆகவில்லை. வண்டியை விற்றுவிட்டு வயநாட்டுப் பக்கம் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் மகளையும் குழந்தையையும் காரமடையில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தங்கை அவளுக்கு ஒரு தையல் கம்பெனியில் வேலை பிடித்துக் கொடுத்தாள். யாருக்கும் இடம் சொல்ல வேண்டாம், அம்மாவுக்கும்தான் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

சிறையிலிருந்து வந்த அன்று சாயங்காலமே அக்கா என் கதவைத் தட்டினார்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"சொல்ல மாட்டேனுங்க அக்கா."

"எம் புள்ள டீச்சர் அது."

"அதனாலதானுங்க சொல்ல மாட்டேன்."

அவருடைய வலது கை வந்தது தெரியவில்லை. தலை கதவில் மோதியது. காதில் இரைச்சல், வாயில் ரத்தச் சுவை. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைச்சவ" என்றார். இன்னொன்று விழுந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது, "அடிச்சுக்குங்க. நீங்க அடிக்க அடிக்கத்தான் எனக்கு நல்லாத் தெரியுது, சொல்லக் கூடாதுன்னு" என்றேன்.

கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது. அவர் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே சுவர்தான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். வேலைக்குப் போனார், வந்தார். குழாயடியில் யார் வரிசை தாண்டினாலும் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தார். முதலில் எல்லாருக்கும் அது நிம்மதியாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. வேண்டுமென்றே அவர் முன்னால் வரிசை தாண்டிப் பார்த்தாள் ஒருத்தி. அக்கா அவளுடைய குடத்தையும் பிடித்துக் கொடுத்தார்.

அடுத்த மழை முடிந்து பனி இறங்கிய சமயம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வந்து வாசல் கம்பிக்கு வெளியே நின்றார்.

"டீச்சர், இடம் சொல்ல வேணாம். அதுவா ஒரு எடத்துக்குப் பேரனைக் கொண்டுவந்து காட்டுனாப் போதும். தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போயிருவேன்."

நான் போன் செய்தேன். மகள் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பர்லியார் வரச் சொல்லுங்க. பழக்கடைகிட்ட. ஒரு மணி நேரம். பையனைத் தொடலாம், தூக்கலாம். அது என்ன பண்ணினாலும் அம்மா கை ஓங்கக் கூடாது. ஓங்கினா அதோட சரி" என்றாள். அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

விடியலில் கிளம்பி ஊட்டி, குன்னூர் என்று மூன்று பஸ் மாறி நாங்கள் பர்லியாரில் இறங்கியபோது பதினொரு மணி. மேலே இருந்த குளிர் அங்கே இல்லை. அக்கா சால்வையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார். மகள் முன்பே வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முழுக்கைச் சட்டை இல்லை, சுடிதார். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பையனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாப்பிட்டியா" என்றார் அக்கா. "ம்" என்றாள் அவள்.

பெஞ்சின் அந்தக் கோடியில் மகள், இந்தக் கோடியில் அக்கா. நடுவில் நான். பையன் அக்காவை ஒரு முறை பார்த்தான், பிறகு கண்டுகொள்ளவில்லை. அக்கா அவனைக் கூப்பிடவும் இல்லை. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அவன் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் இப்படியே போனது.

பழம் அவன் கையிலிருந்து நழுவிச் சாலையில் உருண்டது. அவன் பின்னாலேயே ஓடினான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. நானும் மகளும் எழுவதற்குள் அக்கா அங்கே இருந்தார். இடது கையால் அவனை இடுப்போடு வாரி எடுத்துக்கொண்டு பெஞ்சில் வந்து விழுந்தார். பஸ் பழத்தை நசுக்கிக்கொண்டு போனது.

பையன் அதைப் பார்த்தான். நெளிந்தான், உதைத்தான். அக்கா பிடியை விடவில்லை. அவன் குனிந்து அவருடைய முன்கையைக் கடித்தான். சும்மா கடியில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கடித்தான். அக்காவின் வலது கை மேலே எழுந்தது. தோளுக்கு மேலே, விரித்த உள்ளங்கையோடு. இத்தனை வருடம் நான் பார்த்த அதே வேகம்.

மகள் எழுந்து நின்றாள். அவள் கை பையனைப் பிடுங்க நீண்டது.

அக்கா அந்த வலது கையைக் கீழே இறக்கினார். தன் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். பையன் கடித்துக்கொண்டே இருந்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டு, அசையாமல் இருந்தார். முன்கையிலிருந்து ரத்தம் அவன் மோவாயில் இறங்கியது. அவன் அலுத்துப்போய்த் தானே வாயை எடுக்கும்வரை அப்படியே இருந்தார்.

பிறகு கையைத் திருப்பிப் பார்த்தார். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

"பல்லெல்லாம் நல்லா மொளைச்சிருக்கு பிள்ளைக்கு" என்றார்.

கீழே போகும் பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. மகள் மறுபடி உட்கார்ந்தாள்.